பெரிய எஸ்யூவி நிற்க மாட்டேன் என்கிறதா? பெரிய பிரேக் வாங்கும் முன் இதைப் பாருங்கள்

பெங்களூர் ஓசூர் ரோட்டில், பொம்மனஹள்ளிப் பக்கம் சின்னதாக ஒரு ஒர்க்‌ஷாப் நடத்துகிறேன். எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் 80-இல் வந்து, இறங்கின கையோடு சில்க் போர்டு நெரிசலில் மாட்டுகிற ரோடு இது, அதனால் பிரேக் வேலைக்குக் குறைவே இல்லை. பெரிய எஸ்யூவி வைத்திருக்கிறவர்கள் வந்தால் பாதிப் பேர் கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, பிரேக் பத்தல, பெரிய டிஸ்க்கும் ஆறு பிஸ்டன் காலிப்பரும் போட்டுடலாமா?" டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுற்றுகிற இரும்புத் தட்டு. காலிப்பர் என்பது பிஸ்டனால் பேடுகளைத் தள்ளி அந்தத் தட்டை இறுக்கிப் பிடிக்கிற கவ்வி.

போடலாம். ஆனால் வண்டியைத் தூக்கி நாலு சக்கரத்தையும் கழற்றினால் பெரும்பாலும் ஒரே கதைதான், கம்பெனி கொடுத்த பிரேக்கே பாதிதான் வேலை செய்துகொண்டிருக்கும். அதைச் சரிசெய்யாமல் மேலே லட்சக்கணக்கில் கொட்டினால், புது காலிப்பர் பளபளவென்று இருக்கும், வண்டி பழையபடியே போய் முன்னால் இருக்கிற ஆட்டோவை முத்தமிடும். அதனால் பார்ட்ஸ் பெயரை வைத்து எழுதாமல், வண்டி என்ன செய்கிறது என்பதை வைத்து எழுதியிருக்கிறேன். உங்கள் வண்டி காட்டுகிற அறிகுறிக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாதது முதலில், பணம் இழுப்பது கடைசியில்.

அதற்கு முன் ஒன்று. பெடல் தரை வரை போகிறது, ஹேண்ட் பிரேக்கை இறக்கின பிறகும் சிவப்பு பிரேக் விளக்கு எரிகிறது, சக்கரத்தின் உள்பக்கம் ஈரமாக வழிந்திருக்கிறது, இந்த மூன்றில் எது இருந்தாலும் டோ வண்டியைக் கூப்பிடுங்கள். "மெதுவா ஓட்டிட்டு வந்துடறேன்" வேண்டவே வேண்டாம். உங்களுக்கு முன்னால் போகிறவர் ஸ்கூட்டரில் குழந்தையை வைத்துக்கொண்டு போகிறார்.

## முதலில் இந்த ஒரு சோதனை

ஞாயிறு விடியற்காலை, முன்னும் பின்னும் ஆளில்லாத, காய்ந்த, நேரான லேஅவுட் ரோட்டுக்குப் போங்கள். வண்டிக்குள் தளர்வாகக் கிடக்கிற பொருள் எதுவும் இருக்கக் கூடாது. 40-இல் போய், பெடலை ஒரே மிதியாக முழு பலத்தோடு மிதியுங்கள். பாதி மிதி உதவாது.

பெடல் காலுக்கடியில் கிடுகிடுவென்று அதிர்ந்து ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிற அமைப்பு) வேலை செய்தால், உங்கள் பிரேக்குக்குச் சக்கரத்தைப் பூட்டுகிற பலம் இருக்கிறது என்று அர்த்தம். அதற்கு மேல் நிறுத்துவது டயரின் பிடிப்புதான். இந்த வண்டிக்கு எவ்வளவு பெரிய டிஸ்க் போட்டாலும் ஒரு தடவை மிதித்து நிற்கிற தூரம் பெரிதாகக் குறையாது. டயர் கெட்டிப்போயிருக்கிறதா, காற்று சரியா, பக்கச்சுவரில் நான்கு இலக்கமாக அச்சிட்டிருக்கும் தயாரிப்பு வாரமும் ஆண்டும் என்ன என்று பாருங்கள். ஆறேழு வருஷம் ஆன டயர் என்றால் பிரேக்குக்கு ஒதுக்கிய பணத்தை டயருக்குப் போடுங்கள்.

முழு மிதி மிதித்தும் ஏபிஎஸ் எட்டிப் பார்க்கவில்லை, வண்டி சோம்பலாக நின்றது என்றால் எங்கோ பழுது இருக்கிறது. கீழே தொடருங்கள்.

நகரத்தில் நன்றாக நிற்கிறது, மலை இறக்கத்திலும் ஹைவேயில் அடுத்தடுத்து மிதிக்கும்போதும்தான் விட்டுப்போகிறது என்றால் அது சூட்டுப் பிரச்சினை. பிரேக்கைப் பெரிதாக்குவதற்கு நியாயமான காரணம் என்று நான் ஒப்புக்கொள்வது அது ஒன்றைத்தான்.

## பெடல் கல் மாதிரி கெட்டி, வண்டி நிற்கவில்லை

### இன்ஜின் ஓடும்போதும் கெட்டியாக இருந்தால்

பூஸ்டரை, அதாவது வேக்குவத்தால் (வெற்றிடத்தால்) உங்கள் மிதிக்குப் பலம் சேர்க்கிற பாகத்தைப் பாருங்கள், ஐந்து நிமிஷ வேலை. இன்ஜினை அணைத்துவிட்டு பெடலை நாலைந்து முறை மிதியுங்கள், கெட்டியாகிவிடும். காலை அப்படியே அழுத்தி வைத்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் தானாகக் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பூஸ்டருக்கு வேக்குவம் வரவில்லை. இறங்குகிறது, ஆனால் ஒரு நிமிஷம் ஓடவிட்டு அணைத்ததும் முதல் மிதியே கெட்டியாக இருக்கிறது என்றால், வேக்குவத்தைப் பிடித்து வைக்கிற ஒருவழி வால்வு விடுகிறது.

பூஸ்டருக்குப் போகிற தடித்த ரப்பர் குழாயில் வெடிப்பு இருக்கிறதா, கிளிப் தளர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள், நூற்றுக்கணக்கில் முடிகிற செலவு. டீசல் வண்டி என்றால் அடுத்தது வேக்குவம் பம்ப். சில வண்டிகளில் ஆல்டர்நேட்டரின் முதுகிலேயே இருக்கும், சிலவற்றில் இன்ஜின் தலையில். கடைசியில்தான் பூஸ்டர். பெடலை மிதிக்கும்போது டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து புஸ்ஸென்று விடாமல் சத்தம் வந்தால் பூஸ்டர் உள்ளே கிழிந்திருக்கும். பம்ப்பும் பூஸ்டரும் வீட்டில் செய்கிற வேலை இல்லை.

### பூஸ்டர் நன்றாக இருக்கிறது, ஆனாலும் கடி இல்லை

பேடைக் கழற்றிப் பாருங்கள். முகம் கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தால் எரிந்து கெட்டியாகிவிட்டது. உப்புத்தாளில் தேய்த்து மாட்டித் தருகிற ஆட்கள் இருக்கிறார்கள், நான் செய்வதில்லை, ஆழம் வரை எரிந்ததா என்று வெளியிலிருந்து தெரியாது.

பேடின் ஓரத்திலோ முதுகிலோ அச்சிட்டிருக்கிற எழுத்து வரிசையையும் பாருங்கள். கடைசியில் இரண்டு ஆங்கில எழுத்து இருக்கும். முதலாவது மிதமான சூட்டில் உராய்வு எவ்வளவு, இரண்டாவது நல்ல சூட்டில் எவ்வளவு. இ என்றால் 0.25-இலிருந்து 0.35, எஃப் என்றால் 0.35-இலிருந்து 0.45, ஜி என்றால் 0.45-இலிருந்து 0.55. இரண்டே கால் டன் வண்டியில் இரண்டு இ போட்ட மலிவு பேடு மாட்டியிருந்தால், காலிப்பர் மேல் பழி போடுவதில் நியாயமே இல்லை. எழுத்தே இல்லாத பேடை ஜே.சி. ரோட்டு பார்ட்ஸ் கடைகளில் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். டப்பாவில் தெரிந்த பெயர் இருந்தால் மட்டும் போதாது, பேடு மேலேயே அச்சு தெளிவாக இருக்கிறதா என்று கடையிலேயே பிரித்துப் பாருங்கள்.

### பின்பக்கம் டிரம் என்றால்

ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பாருங்கள். வழக்கத்தைவிட நாலைந்து பல் கூடுதலாக மேலே வருகிறதா? டிரம்மை, அதாவது உள்ளே லைனிங் விரிந்து உரசுகிற கிண்ணத்தைக் கழற்றுங்கள். லைனிங் தேய்மானத்துக்கு ஏற்ப தானாக அட்ஜஸ்ட் ஆக வேண்டிய பல்சக்கரம் பிரேக் தூசியில் இறுகி நின்றிருக்கும். சுத்தம் செய்து, உயர் வெப்பக் கிரீஸ் ஒரு பொட்டு வைத்து அட்ஜஸ்ட் செய்தாலே பெடல் மேலே வந்துவிடும். உள்ளே ஈரம் இருந்தால் வீல் சிலிண்டர் ஒழுகுகிறது அல்லது ஆக்ஸில் ஆயில் சீல் போயிருக்கிறது. ஆயில் பட்ட லைனிங்கைக் கழுவி மாட்டக் கூடாது, மாற்றத்தான் வேண்டும், இரண்டு பக்கமும் சேர்த்து.

### வண்டியை உயர்த்தியிருந்தால்

இதை நிறையப் பேர் தவறவிடுகிறார்கள். பழைய பெரிய எஸ்யூவிகளில் பின் ஆக்ஸிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஒரு கம்பி ஓடும், அதன் மேல் முனையில் ஒரு வால்வு. ஆள் ஏறி வண்டி அமுங்கினால் பின் பிரேக்குக்குக் கூடுதலாக அழுத்தம் விடுவதுதான் அதன் வேலை. லிஃப்ட் கிட் போட்டு இரண்டு அங்குலம் உயர்த்தினதும், வண்டி எப்போதும் காலியாகவே இருக்கிறது என்று அந்த வால்வு நினைத்துக்கொள்கிறது. ஏழு பேர் உட்கார்ந்திருந்தாலும் பின் பிரேக்குக்கு அரை வயிறுதான். உயர்த்திய அளவுக்கு ஏற்ப அந்தக் கம்பியை மறுபடி செட் செய்ய வேண்டும். இதைக் கேஜ் வைத்துப் பார்க்கத் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள், கண் மதிப்பில் திருகினால் மழையில் பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டு வண்டி திரும்பி நிற்கும்.

### பெரிய டயர் போட்டிருந்தால்

265/65 ஆர்17 டயரின் உயரம் சுமார் 776 மில்லிமீட்டர். அதை எடுத்துவிட்டு 285/70 ஆர்17 போட்டால் 831. அதாவது 7 சதவீதம் உயரம் கூடுகிறது, அதே இடத்தில் நிற்க பிரேக்கும் அந்த அளவுக்குக் கூடுதலாக இழுக்க வேண்டும். டயரின் எடை வேறு. டயர் மாற்றின வாரத்திலிருந்துதான் பிரேக் குறைந்தது என்றால் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டாம். பழைய அளவுக்குத் திரும்புங்கள், இல்லையென்றால் நல்ல பேடுக்குக் காசு எடுத்து வையுங்கள்.

## பெடல் பஞ்சு மாதிரி அமுங்குகிறது

முதலில் பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்து நிறத்தைப் பாருங்கள். புதுசு என்றால் வெளிர் மஞ்சள். என்னிடம் வருகிற வண்டிகளில் பாதிக்கு மேல் ஃபில்டர் காபி டிகாஷன் நிறத்தில் இருக்கும். எத்தனை வருஷம் ஆச்சு என்று கேட்டால், "அதையும் மாத்தணுமா?" என்பார்கள். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றணும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். டாட் 4 என்கிற தர ஆயில் புதுசாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது, 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த அளவு 155-க்கு இறங்கிவிடும்.

மேலே அளவு குறைந்திருக்கிறதே என்று ஊற்றி நிரப்பிவிட்டுப் போகாதீர்கள். பேடு தேய்ந்தால் அளவு மெல்லக் குறைவது இயல்பு, அதனால் பேடைப் பாருங்கள். பேடு நன்றாக இருந்தும் குறைகிறது என்றால் எங்கோ ஒழுகுகிறது.

அப்புறம் காற்று. சமீபத்தில் யாராவது காலிப்பரையோ ஹோஸையோ கழற்றினார்களா? பிளீட் செய்யுங்கள், அதாவது உள்ளே மாட்டின காற்றை ஆயிலோடு வெளியே எடுங்கள். ஒருவர் பெடலில், ஒருவர் நிப்பிளில் (சக்கரத்துப் பிரேக்கில் ஆயிலை வெளியே விடுகிற சின்னத் திருகு), நிப்பிளுக்கு ஒரு தெளிவான குழாய், அதன் மறுமுனை ஆயிலுக்குள் மூழ்கியிருக்க வேண்டும். மாஸ்டர் சிலிண்டருக்கு (பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளுகிற சிலிண்டர்) தூரமான சக்கரத்திலிருந்து தொடங்குவது பொதுவான முறை, நம் ஊர் வலப்பக்க ஸ்டீயரிங்கில் அது பின் இடது. உங்கள் மேனுவல் வேறு வரிசை சொன்னால் மேனுவல்தான் சரி. மேலே டப்பா காலியாக விட்டுவிட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று போய்விட்டால் எத்தனை தடவை மிதித்தாலும் வராது, ஸ்கேனர் மாட்டி அதன் வால்வுகளைத் திறக்க வேண்டும். இரண்டு தடவை பிளீட் செய்தும் பஞ்சு போகவில்லை என்றால் அங்கே நிறுத்திவிட்டு ஸ்கேனர் இருக்கிற இடத்துக்குப் போங்கள்.

ஆயில் புதுசு, காற்றில்லை, ஆனாலும் மெத்தென்று இருக்கிறதா? ஒருவரை அழுத்தி மிதிக்கச் சொல்லிவிட்டு முன் சக்கர ரப்பர் ஹோஸைப் பிடித்துப் பாருங்கள். உப்புவது கையில் தெரிந்தால், மடிப்பில் முடிமுடியாக வெடித்திருந்தால் மாற்ற வேண்டியதுதான். ஸ்டீல் பின்னல் ஹோஸ் போடுகிற ஆசை இருந்தால் இதுதான் அதற்கு நேரம். ஆனால் அது பெடல் உணர்வைத்தான் கெட்டியாக்கும், நிற்கிற தூரத்தை அல்ல.

சிக்னலில் நிற்கும்போது ஒரே சீராக அழுத்தி வைத்திருக்கும் பெடல் மெல்ல மெல்லத் தானே கீழே போனால், வெளியே ஒழுகலும் இல்லை என்றால், மாஸ்டர் சிலிண்டர் உள் சீல் போய்விட்டது. ஓட்டாதீர்கள்.

## மலை இறக்கத்தில் மட்டும் பிரேக் விட்டுப்போகிறது

இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், இதில்தான் உயிர் போகிறது.

பெங்களூரிலிருந்து கோயம்புத்தூருக்குச் சாம்ராஜ்நகர் வழியாகப் போகிறவர்களுக்குத் திம்பம் தெரியும். 27 கொண்டை ஊசி வளைவு, இறங்கி முடித்தால் பண்ணாரி. சேலம் போகிறவர்களுக்குத் தருமபுரி தாண்டித் தொப்பூர். தொப்பூரில் கொண்டை ஊசி இல்லை, அகலமான நாலுவழி ரோடு, அதனால் இறக்கம் என்பதே உறைக்காமல் டாப் கியரிலேயே விட்டு பிரேக்கைத் தேய்த்துக்கொண்டு போவார்கள். அதுதான் அதன் ஆபத்து.

போன வருஷம் ஒருவர் ஏழு பேர், மேலே கேரியர் நிறையச் சாமான், ஆட்டோமேட்டிக் டீசல் வண்டி, டி-யிலேயே விட்டுத் திம்பம் இறங்கியிருக்கிறார். பண்ணாரி வருவதற்குள் பெடல் பாதி தூரம் வெறுமனே போயிருக்கிறது. நிறுத்தி, அரை மணி நேரம் கழித்து மிதித்தால் பெடல் பழையபடி நன்றாக இருந்ததாம். அதனால் ஒன்றுமில்லை என்று ஊருக்குப் போய், திரும்பியும் வந்துவிட்டார். நான் நிப்பிளைத் திறந்தபோது வந்த ஆயில் கருப்பு. ஐந்து வருஷமாக மாற்றவே இல்லை. ஆறினதும் சரியாகிவிடுகிற பிரேக்தான் அடுத்த மலையில் கவிழ்க்கும்.

சூட்டில் விட்டுப்போவது இரண்டு விதம். எது என்று பெடலே சொல்லும்.

### பெடல் கெட்டி, தீய்ந்த வாடை, கடி இல்லை

பேடு தன் சூட்டு வரம்பைத் தாண்டிவிட்டது. முதல் மருந்து கியர். எந்த கியரில் ஏறுவீர்களோ அந்த கியரில் இறங்குங்கள். ஆட்டோமேட்டிக்கில் மேனுவல் மோடுக்கு மாற்றி 2-ஆவதிலோ 3-ஆவதிலோ பிடியுங்கள். லேசாக விடாமல் தேய்ப்பதைவிட, அழுத்தமாக ஒரு மிதி மிதித்து வேகத்தைக் குறைத்து விட்டுவிடுவது நல்லது, நடுவில் டிஸ்க்குக்குக் காற்று கிடைக்கும். இப்படி ஓட்டியும் வாடை வந்தால் சூட்டில் நிற்கிற பேடு போடுங்கள், அச்சில் இரண்டாவது எழுத்து எஃப்புக்குக் குறையாமல், கனமான எஸ்யூவிக்கென்று செய்தது. ரேஸ் பேடு வேண்டாம். அது சூடேறினால்தான் கடிக்கும், காலையில் வீட்டை விட்டு இறங்கின முதல் சிக்னலில் கைவிடும்.

### பெடல் மெத்தென்று ஆகிறது, தூரம் போகிறது

ஆயில் கொதித்துக் குமிழி வந்துவிட்டது. இது மோசமானது. அந்த நொடியில் பெடலை வேகவேகமாக மிதித்து அழுத்தம் ஏற்றுங்கள், கியரை ஒவ்வொன்றாக இறக்குங்கள், ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக. பாதுகாப்பான இடத்தில் நிறுத்திச் சக்கரத்துக்குக் கல்லோ கட்டையோ வையுங்கள். கொதிக்கிற டிஸ்க் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள், கோணிவிடும், வெடிக்கவும் செய்யும். ஆறின பிறகு பெடல் நன்றாக இருந்தாலும் அடுத்த ஊரில் ஆயிலை முழுசாக மாற்றாமல் மலைப் பக்கம் போகாதீர்கள்.

மாற்றும்போது டாட் 4 போதும். அடிக்கடி மலை, டிரெய்லர், முழு லோடு என்றால் டாட் 5.1, அதன் கொதிநிலை புதுசில் 260, தண்ணீர் சேர்ந்த பிறகு 180. பெயரில் கவனம்: டாட் 5 என்பது சிலிக்கான், வேறு சரக்கு, ஏபிஎஸ் வண்டியில் ஊற்றவே கூடாது. கடைக்காரர் "ரெண்டும் ஒண்ணுதான்" என்பார்.

ஆயில் புதுசு, பேடு நல்லது, கியரிலும் ஒழுங்காக இறங்குகிறீர்கள், அப்படியும் விட்டுப்போகிறதா? அப்போதுதான் பெரிய டிஸ்க். கீழே வருகிறேன்.

## மிதித்தால் ஒரு பக்கம் இழுக்கிறது

டயர் காற்றைப் பாருங்கள், நாலையும், கேஜ் வைத்து. பாதிப் பேருக்கு இங்கேயே முடிந்துவிடும்.

மிதிக்காதபோதும் இழுக்கிறதா? அலைன்மென்ட், அல்லது இழுக்கிற பக்கத்துச் சக்கரத்தில் பிரேக் விடாமல் பிடித்திருக்கிறது. மிதிக்கும்போது மட்டும் இழுக்கிறதா? இழுக்கிற பக்கம் வேலை செய்கிற பக்கம், பழுது பெரும்பாலும் எதிர்ப் பக்கத்தில்.

பதினைந்து நிமிஷம் ஓட்டிவிட்டு, வெப்பம் காட்டுகிற துப்பாக்கி ஒன்று ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது, அதை இரண்டு முன் டிஸ்க்கிலும் காட்டுங்கள். இடத்துக்கும் வலத்துக்கும் 40, 50 டிகிரி வித்தியாசம் இருந்தால் ஒன்று சும்மா இருக்கிறது, அல்லது ஒன்று விடாமல் உழைக்கிறது. கையால் தொட்டுப் பார்க்காதீர்கள், தோல் ஒட்டிக்கொண்டு வரும்.

பெரும்பாலும் குற்றவாளி ஸ்லைடு பின். காலிப்பரின் இரண்டு போல்ட்டைக் கழற்றித் தூக்கினால் விரல் அளவுக்கு இரண்டு இரும்புப் பின் ரப்பர் உறைக்குள் இருக்கும். விரலால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போய்வர வேண்டும். என்னிடம் வருகிறவற்றில் ஒன்று நன்றாக இருக்கும், இன்னொன்று பிளையர் வைத்து முறுக்கினாலும் வராது. உள்ளே கிரீஸ் கருப்புக் கோந்தாகி, உறை கிழிந்து, பெங்களூர் மழைத் தண்ணீர் இறங்கித் துருவேறியிருக்கும். அப்புறம் பேடைப் பாருங்கள்: பிஸ்டன் பக்கத்துப் பேடு 3 மில்லிமீட்டர், வெளிப்பக்கத்துப் பேடு 8. பின் இறுகினால் காலிப்பர் நகராது, ஒரு பேடு மட்டும் எல்லா வேலையும் செய்யும். சுத்தம் செய்து, ரப்பருக்கு ஒத்துவருகிற சிலிக்கான் கிரீஸ் போடுங்கள். சேஸிஸுக்குப் போடுகிற சாதா கிரீஸ் ரப்பரை ஊதவைத்து, மூன்று மாசத்தில் பின்னை மறுபடி இறுக்கிவிடும். காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாதீர்கள், கம்பி போட்டுக் கட்டுங்கள். சில பெரிய எஸ்யூவிகளில் முன்பக்கம் இரண்டு பக்கமும் பிஸ்டன் இருக்கும் காலிப்பர். அதில் ஸ்லைடு பின் கிடையாது, பேடைத் தாங்குகிற குச்சிகளில் துரு இருக்கிறதா என்று பாருங்கள்.

ஸ்லைடு பின் நன்றாக இருந்தும் சக்கரம் பிடித்துக்கொண்டே இருந்தால் நிப்பிளை லேசாகத் திறங்கள். உடனே சக்கரம் சுதந்திரமாகச் சுற்றினால் ஹோஸ் உள்பக்கம் சதை வைத்து ஆயிலைத் திரும்ப விடவில்லை. திறந்தும் சுற்றவில்லை என்றால் பிஸ்டன் இறுகிவிட்டது. ஹோஸ் நீங்களே மாற்றலாம், அளவான ஸ்பேனரும் புது காப்பர் வாஷரும் வேண்டும். பிஸ்டன் வேலை ஒர்க்‌ஷாப்புக்கு.

## மிதித்தால் ஸ்டீயரிங் உதறுகிறது

ஸ்டீயரிங்கில் உதறினால் முன் டிஸ்க், சீட்டில் உதறினால் பின்பக்கம். "டிஸ்க் வளைஞ்சிருச்சு" என்று எல்லோரும் சொல்வார்கள். பெரும்பாலும் வளைவதில்லை, ஒரு இடத்தில் தடிமன் மாறியிருக்கும் அல்லது பேடு சரக்கு திட்டாக அப்பியிருக்கும்.

சமீபத்தில் பஞ்சர் போட்டீர்களா? ஏர் கன்னை வைத்து நட்டை டர்ரென்று இறுக்கினால் ஒன்று அதிகம் ஒன்று குறைவு, சில ஆயிரம் கிலோமீட்டரில் உதறல் வந்துவிடும். எல்லாவற்றையும் தளர்த்தி, நட்சத்திர வரிசையில், டார்க் ரெஞ்ச் வைத்து மேனுவலில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். போகாவிட்டால் டிஸ்க்கைக் கழற்றி, அது உட்காருகிற ஹப்பின் முகத்தில் உள்ள துருவை வயர் பிரஷால் எடுங்கள். அங்கே ஒரு துகள் இருந்தாலும் டிஸ்க்கின் விளிம்பில் பெரிதாகத் தெரியும். டயல் கேஜ் வைத்தால் ஆட்டம் 0.05 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். லேத்தில் சீவலாம், ஆனால் டிஸ்க் மேலேயே குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும், சீவின பிறகு அதற்கு மேல் இருக்க வேண்டும். கிட்டத்தில் இருந்தால் சீவாமல் புதுசு போடுங்கள், ஜோடியாக.

## சத்தம்

காலையில் முதல் இரண்டு மிதியில் மட்டும் சரசரவென்றால் இராத்திரி ஈரத்தில் ஏறின துரு, விட்டுவிடுங்கள். மிதிக்கும்போது கீச்சென்று தொடர்ந்து வந்தால் பேடில் உள்ள எச்சரிக்கைத் தகடு டிஸ்க்கைத் தொடுகிறது, அந்த வாரமே மாற்றுங்கள். பேடு 3 மில்லிமீட்டருக்கு வந்தாலே மாற்றலாம். இரும்பு இரும்பை அரைக்கிற சத்தம் என்றால் அன்றே நிறுத்துங்கள், பேடு முடிந்து டிஸ்க் தின்னப்படுகிறது.

## எல்லாம் சரி, சூடு மட்டும்தான் பிரச்சினை

நூறில் வருகிற வண்டியை நிறுத்தும்போது பிரேக் விழுங்குகிற சூடு, 80-இல் வரும்போது விழுங்குவதைவிட ஒன்றரை மடங்குக்கு மேல். அதைத் தாங்குவதற்கு இரும்பு வேண்டும், பெரிய டிஸ்க்கின் உண்மையான லாபம் அதுதான். 300 மில்லிமீட்டர் டிஸ்க்கை 340 ஆக்கினால் அதே அழுத்தத்தில் சுமார் 13 சதவீதம் கூடுதல் திருப்புவிசையும் கிடைக்கும்.

பிரெம்போ, ஏபி ரேசிங், ஈபிசி என்று எந்தப் பெயர் சொன்னாலும், உங்கள் வண்டி மாடலுக்கென்று செய்த முழு செட்டா என்று கேளுங்கள். வேறு வண்டியின் காலிப்பருக்கு லேத்தில் பிராக்கெட் செய்து மாட்டுகிற வேலையை நான் ஏற்பதில்லை, அந்தப் பிராக்கெட் விட்டால் பிரேக் மொத்தமும் விட்டது. காலிப்பர் பிஸ்டன் பெரிதாகப் பெரிதாக மாஸ்டர் சிலிண்டர் அதிக ஆயில் தள்ள வேண்டும், பெடல் நீளும். முன்பக்கத்தை மட்டும் பயங்கரமாக்கிப் பின்பக்கத்தை அப்படியே விட்டால், முன் டயர் சீக்கிரம் பூட்டி ஏபிஎஸ் முன்னதாகவே எழுந்துகொள்ளும், நிற்கிற தூரம் கூடவும் செய்யலாம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, கம்பெனி அளவுகளிலிருந்து விலகி வண்டியை மாற்றுவதைப் பற்றியது. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

இந்த வேலையை வீட்டு வாசலில் செய்யாதீர்கள். செய்து முடித்ததும் வண்டியை நகர்த்தும் முன் பெடல் கெட்டியாகும் வரை மிதியுங்கள். அப்புறம் அதே விடியற்காலை ரோட்டில், 60-இலிருந்து 15-க்கு எட்டுப் பத்துத் தடவை, முழுசாக நிறுத்தாமல் குறைத்து, கடைசியில் பத்து நிமிஷம் பிரேக்கைத் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். சூடாக இருக்கும்போது மிதித்தபடி நின்றால் பேடு அந்த இடத்தில் அச்சு வைத்துவிடும், மறுபடி உதறல்.

### செட் போட்ட பிறகு வருகிறவை

பெடல் முன்பைவிட நீளமா? மறுபடி பிளீட் செய்யுங்கள், அப்படியும் நீளம் என்றால் மாஸ்டர் சிலிண்டர் போதவில்லை, மாட்டினவரிடமே திரும்புங்கள். ஏபிஎஸ் விளக்கா? சக்கரச் சென்சார் வயர் புது காலிப்பரில் உரசுகிறதா பாருங்கள். ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்து, ஹோஸ் இழுபடாமல், எதிலும் தேயாமல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். 100 கிலோமீட்டர் ஓடினதும் நட்டுகளை மறுபடி டார்க் ரெஞ்ச்சில் பாருங்கள்.

அப்புறம் ஸ்டெப்னி. 17 அங்குல ஸ்டீல் ஸ்டெப்னி பெரிய காலிப்பர் மேல் பெரும்பாலும் ஏறாது. என்னிடம் வருவதற்கு முன் வேறிடத்தில் செட் மாட்டின ஒருவர், கிருஷ்ணகிரி தாண்டி ராத்திரி பதினொன்றுக்கு முன் டயர் வெடித்து, ஸ்டெப்னியைத் தூக்கி வைத்தபோதுதான் அது காலிப்பரில் இடிப்பதைப் பார்த்திருக்கிறார். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் ரோட்டோரம். பின்சக்கரத்தைக் கழற்றி முன்னால் போட்டு, ஸ்டெப்னியைப் பின்னால் போட்டு வந்திருக்கிறார். செட் போட்ட வண்டியில் முன் டயர் போனால் செய்ய வேண்டியதும் அதுதான், ஜாக்கியை இரண்டு தடவை வைக்க வேண்டியிருக்கும், சக்கரத்துக்குக் கட்டை கட்டாயம் வேண்டும். இப்போது செட் மாட்டித் தருகிற ஒவ்வொரு வண்டியிலும் சாவி கொடுப்பதற்கு முன் ஸ்டெப்னியை முன்பக்கம் வைத்துப் பார்க்கிறேன், ஏறவில்லை என்றால் வண்டிக்காரரைக் கூப்பிட்டு நேரில் காட்டி, டூல் பைக்குள் இரண்டு மரக்கட்டையையும் போட்டு அனுப்புகிறேன்.